கோயிலாண்ட வந்து ஃபோன் பண்ணு

பார்சல் டெலிவரி வேலையில் இருக்கிறேன் என்று சொன்னால் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது வெயிலைப் பற்றித்தான். "பாவம்பா, இந்த வெயில்ல எப்படித்தான் சுத்தறியோ" என்பார்கள். மே மாதம் பேப்பரில் '106 டிகிரி' என்று போட்டால் எங்கள் வேலூரில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வெயில் கஷ்டம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது கொத்தனாருக்கும் அடிக்கிறது, தள்ளுவண்டியில் காய் விற்கிற அம்மாவுக்கும் அடிக்கிறது. இந்த வேலைக்கென்றே ஒரு கஷ்டம் உண்டு. அதை யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் அது வேலை மாதிரியே தெரியாது. ஒருத்தன் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறான். அவ்வளவுதான் தெரியும்.

எங்களுக்குக் கூலி பார்சல் கணக்கு. பொருளைக் கையில் கொடுத்து, ஓடிபி வாங்கிப் போட்டு, ஆப்பில் டெலிவர்டு என்று விழுந்தால் ஒரு பார்சலுக்கான காசு உண்டு. அதற்கு முன்னால் நடப்பது எதற்கும் கணக்கில்லை. வீடு தேடி அலைந்தது, ஃபோன் எடுக்காதவருக்காக நின்றது, "தோ வந்துட்டேன், அஞ்சு நிமிஷம்" என்றவர் வருகிறவரை தெருநாயோடு முறைத்துக்கொண்டு இருந்தது, எல்லாம் நம் பாடு. ஆள் இல்லாமல் திரும்பினால் அந்தப் பார்சலுக்கு அன்றைக்கு ஒரு பைசா கிடையாது. பெட்ரோலும் நம்முடையது. மறுநாள் அதே பார்சல் அதே பையில் மறுபடி ஏறும்.

இதற்கு முன் ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் இருந்தேன். தோல் வராமல் லைன் நின்றுபோகிற நாட்கள் அங்கே உண்டு. உட்கார்ந்து கதை பேசுவோம். சூப்பர்வைசர் முறைப்பார், ஆனால் சம்பளம் ஓடிக்கொண்டிருக்கும். தோல் லாரி வராததற்கு நாங்கள் பொறுப்பில்லை என்பது அவருக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். மாதாமாதம் சம்பளத்தில் முக்கால் சதவீதம் இ.எஸ்.ஐ. வைத்தியக் காப்பீட்டுக்குப் பிடிப்பார்கள், கம்பெனி மூன்றேகால் சதவீதம் போடும். பிடிக்கிறபோது எரிச்சலாக இருக்கும். அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனபோதுதான் அந்தக் கார்டின் அருமை தெரிந்தது. அப்புறம் ஏன் விட்டாய் என்று கேட்பீர்கள். சம்பளம் ஏறவே இல்லை. இங்கே நல்ல மாதத்தில், அதுவும் தீபாவளி ஆஃபர் சமயத்தில், அங்கே வாங்கியதைவிடக் கூடுதலாகவே கையில் நிற்கிறது. அதை மறைத்துவிட்டுக் கஷ்டத்தை மட்டும் எழுதினால் நியாயமாகாது. அங்கே சும்மா இருந்த நேரத்தின் செலவு முதலாளி தலையில் விழுந்தது, இங்கே அது என் தலையில் விழுகிறது. அந்த வித்தியாசத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

காலை ஏழு மணிக்கு ஹப்பில் இருக்க வேண்டும். ஹப் என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள், பைபாஸ் ஓரம் ஒரு தகர ஷெட். ராத்திரி சென்னைப் பக்கத்திலிருந்து வண்டி வந்து மூட்டைகளை இறக்கிவிட்டுப் போயிருக்கும். தரையில் கொட்டி, ஸ்கேன் பண்ணி, ரூட் வாரியாகப் பிரிப்போம். பையில் அடுக்குவது ஒரு வித்தை. கடைசியில் கொடுக்க வேண்டியது அடியில், முதல் தெரு மேலே, கண்ணாடிச் சாமான் முதுகுப் பக்கம் படாமல். ஸ்கூட்டி வைத்திருக்கிறவர்கள் காலடியில் இன்னொரு மூட்டையை வைத்துக்கொள்வார்கள். என்னைப் போல் பைக் வைத்திருக்கிறவர்களுக்கு டேங்க் மேல்தான் இடம்.

நாள் நல்லதா கெட்டதா என்பது ரூட் பிரிக்கிறபோதே தெரிந்துவிடும். காந்தி நகர், சத்துவாச்சாரி வள்ளலார் பக்கம் ரூட் கிடைத்தவன் சிரித்துக்கொண்டே கிளம்புவான். தெருவுக்குத் தெரு நம்பர் இருக்கும், ஒரே அபார்ட்மென்ட்டில் நாலைந்து பார்சல் முடியும். வி.ஐ.டி. பக்கம் வாடகைக்கு இருக்கிற பிள்ளைகளும் தங்கமானவர்கள். லொகேஷனைத் துல்லியமாகப் போடுவார்கள், வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடிவருவார்கள், ஓடிபியை நாம் கேட்பதற்குள் சொல்வார்கள். பரீட்சை லீவு விட்டால் மட்டும் அந்த ரூட் சுடுகாடு மாதிரி ஆகிவிடும். அணைக்கட்டு, ஊசூர் என்று கிராமத்துப் பக்கம் ரூட் விழுந்தால் ஒரு பார்சலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் கிலோமீட்டர் கணக்கில் ஓட வேண்டும். யாருக்கு எந்த ரூட் என்பதில் ஹப் இன்சார்ஜுக்கு யார் வேண்டப்பட்டவர் என்கிற கதையும் உண்டு. அதை விடுங்கள், எந்த வேலையில்தான் அது இல்லை.

சரி, விலாசத்துக்கு வருகிறேன். என் அனுபவத்தில் வேலூரில் மூன்று விதமான விலாசம் உண்டு. முதலாவது உண்மையான விலாசம். இரண்டாவது, வீட்டுக்காரருக்கு மட்டும் புரிகிற விலாசம்: 'வாட்டர் டேங்க் பின்புறம், பச்சை கேட்'. டேங்கை இடித்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும், கேட்டுக்கு நீலம் அடித்திருப்பார்கள். மூன்றாவது விலாசமே இல்லாதது. 'மாரியம்மன் கோயில் அருகில்' என்று ஒரே வரி. ஊருக்கு நாலு மாரியம்மன் கோயில் இருக்கிற ஜில்லா இது. ஃபோன் போட்டால், "கோயிலாண்ட வந்து ஃபோன் பண்ணுபா" என்பார்கள். கோயிலாண்ட வந்து ஃபோன் பண்ணினால் எடுக்க மாட்டார்கள்.

பின்கோடு இருக்கிறதே என்பீர்கள். 1972 ஆகஸ்ட் 15-ல் கொண்டுவந்தது அது. 632 என்றால் எங்கள் பக்கம், 632009 என்றால் சத்துவாச்சாரி, 632002 என்றால் பாகாயம். ஆனால் பின்கோடு தபாலாபீஸ் வரைக்கும்தான் கொண்டுவந்து விடும். அதற்கப்புறம் போஸ்ட்மேன் தலைக்குள் இருக்கிற மேப்தான் வேலை செய்தது. ஒரே பீட்டில் பல வருஷம் சுற்றி, யார் வீட்டுப் பெண் எங்கே கட்டிக்கொடுத்தது என்பதுவரை அவருக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்கு ரூட் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு ஏரியா பழகுவதற்குள் வேறு ஏரியா. 2025-ல் தபால் துறை டிஜிபின் என்று பத்து எழுத்தில் ஒரு குறி கொண்டுவந்தது. நாட்டையே நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு குறி. கிராமத்து ரூட்டில் அதை எழுத ஆரம்பித்தால் எங்களுக்குப் பெரிய உபகாரம்தான். ஆனால் நாலு மாடி லாட்ஜில் எல்லா மாடிக்கும் அதே குறிதான். அந்த லாட்ஜுகள்தான் எங்கள் ஊரின் தனிச் சங்கதி.

சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றி இருக்கிற காந்தி ரோடு, பாபு ராவ் தெரு, மெயின் பஜார் எல்லாம் லாட்ஜுகள். வங்காளம், அசாம், ஜார்க்கண்ட், பங்களாதேஷ் என்று எங்கெங்கிருந்தோ வைத்தியத்துக்கு வந்தவர்கள் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் தங்கியிருப்பார்கள். கடை போர்டுகளில் வங்காள எழுத்து இருக்கும். முதலில் குழப்பம் எந்த சி.எம்.சி. என்பதில். ஊருக்குள் ஆஸ்பத்திரி ஒன்று, பாகாயத்தில் கல்லூரி வளாகம், ஆரணி ரோட்டில் ஷெல் கண் ஆஸ்பத்திரி, இப்போது ராணிப்பேட்டை வளாகம் வேறு. வெளியூர்க்காரர்களுக்கு எல்லாமே 'சி.எம்.சி. வேலூர்'தான். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நோயாளியைக் கட்டிலில் போட்டுவிட்டு விலாசம் திருத்திக்கொண்டிருப்பார்களா?

அந்த ரூட்டில் போய்ப் போய் எங்களில் பலருக்கு வங்காளம் கொஞ்சம் வாயில் வந்துவிட்டது. "தாதா, நீச்சே ஆஷுன்" என்று நான் சொல்வதைக் கேட்டு என் பெண் விழுந்து விழுந்து சிரிப்பாள். கீழே இறங்கி வாருங்கள் என்பதற்கு அது. ஆனால் கீழே இறங்க முடியாதவர்கள்தான் அங்கே பாதிப் பேர். படியேறத்தான் வேண்டும்.

ஒருதடவை இடுப்பு பெல்ட் ஒன்று. ஆபரேஷன் முடிந்தவர்கள் கட்டிக்கொள்வது. மூன்றாம் மாடி அறைக்குப் போனால் வேறு ஒரு குடும்பம் உலை வைத்துக்கொண்டிருக்கிறது. கீழே ரிசப்ஷன் பையன் ரிஜிஸ்டரைப் புரட்டி, "அவங்க நேத்து நைட்டே வெக்கேட் பண்ணிட்டாங்கண்ணா" என்றான். ஃபோன் போட்டேன். ரயில் சத்தம். விஜயவாடா தாண்டியாயிற்றாம். டாக்டர் திடீரென்று அனுப்பிவிட்டார், டிக்கெட்டும் கிடைத்துவிட்டது, கிளம்பிவிட்டோம் என்று அந்தப் பெரியவர் இந்தியில் சொல்லச் சொல்ல, பெல்ட் இல்லாமல் இடுப்பு வலியோடு உட்கார்ந்திருக்கிறாரே என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. பணம் முன்னாலேயே கட்டியிருந்தார். அவருக்குப் பணம் திரும்பிவிடும், கம்பெனிக்குப் பொருள் திரும்பிவிடும். மூன்று மாடி ஏறி இறங்கியதற்கு மட்டும் திரும்பி வர ஒன்றுமில்லை. ஆப்பில் 'கஸ்டமர் நாட் அவைலபிள்' என்று போட்டேன். விஜயவாடா என்று போட அதில் இடமில்லை.

படி என்றதும் சைதாப்பேட்டை மலை ஞாபகம் வருகிறது. சென்னை சைதாப்பேட்டை இல்லை, எங்கள் வேலூர் சைதாப்பேட்டை. மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு என்று எங்கள் ஊரைக் கேலி பேசுவார்கள். மரமில்லாத அந்த மலைச்சரிவில்தான் வீடுகள் ஒன்றன் தலைமேல் ஒன்றாக ஏறிப் போகின்றன. வண்டி கீழேயே நின்றுவிடும். ஆப்பு மேப்பில் மலை தட்டையாக இருக்கும், '80 மீட்டர்' என்று காட்டும். அந்த 80 மீட்டர் பக்கவாட்டிலா மேல்வாட்டிலா என்று சொல்லாது.

அன்றைக்கு வந்தது டேபிள் டாப் கிரைண்டர். கல்லோடு பன்னிரண்டு கிலோ இருக்கும். அட்டைப்பெட்டியில் கைப்பிடிக்கிற ஓட்டை கிழிந்துபோயிருந்தது, அதனால் தோளில் வைத்துக்கொண்டேன். படிக்கட்டு ஒரே அளவில் இருக்காது. ஒரு படி முழங்கால் உயரம், அடுத்தது கால் விரல் வைக்கிற அகலம். நடுவில் யாரோ துவைத்துக் கொட்டிய சோப்புத் தண்ணீர் வழிந்துவந்தது. குறுக்கே துணி காய்ந்தது. ஒரு திண்ணையில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினேன். திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருந்த பாட்டி, "யார் வூட்டுக்குபா?" என்று கேட்டு, பேரைச் சொன்னதும், "அவங்களா, இன்னும் மேல" என்று முறத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். மேலே போய்ச் சேர்ந்தேன். கேஷ் ஆன் டெலிவரி. அக்கா பெட்டியைப் பார்த்து சந்தோஷப்பட்டார், தண்ணீர் கொடுத்தார், அப்புறம் சொன்னார்: "காசு எங்க வூட்டுக்காரர்கிட்டதான் கீது. மார்க்கெட்ல கீறாரு. நீ கீழ போறப்ப அவரைப் பார்த்து வாங்கிக்கிறியா தம்பி?"

வாங்காமல் கொடுக்க முடியாது. கொடுக்காமல் விட்டால் பன்னிரண்டு கிலோவையும் திரும்ப இறக்க வேண்டும். அவர் நேதாஜி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டியில் இருக்கிறாராம். ஃபோன் மேல் ஃபோன் போட்டு, மண்டியில் இருந்த ஒரு பையனின் ஜி.பே.யிலிருந்து பணம் வந்து சேர்வதற்குள், பார்சலுக்குக் காத்திருந்த வேறு இரண்டு பேர் "எங்கப்பா கீற?" என்று கூப்பிட்டுவிட்டார்கள். கிளம்பும்போது அக்கா கரிசனமாகத்தான் சொன்னார்: "இவ்ளோ கனத்த தூக்கினு எதுக்கு தம்பி மேல ஏறின? கீழ கடையிலயே வெச்சிட்டு போயிருக்கலாம் இல்ல?" நல்ல மனசுதான். காசு கடைக்காரரிடம் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

வெயில் கஷ்டம்தான் என்றேனே. கத்திரி வெயிலில் நாம் தாங்கினாலும் ஃபோன் தாங்காது. ஹேண்டில்பாரில் மாட்டிய ஃபோன் சூடேறித் திரை மங்கும், அப்புறம் தானே அணைந்துவிடும். விலாசம், ஓடிபி, காசுக்கணக்கு எல்லாம் அதற்குள். அது குளிருகிற வரைக்கும் நமக்கு வேலை இல்லை. ஈரத்துணியில் சுற்றக் கூடாது, உள்ளே தண்ணீர் இறங்கும். நான் கூழ் வண்டியில் நிற்பேன். எங்கள் ஊரில் வெயில் ஆரம்பித்ததும் மரத்தடிக்கு மரத்தடி கேழ்வரகுக் கூழ் வண்டி வந்துவிடும். ஒரு சொம்பு கூழ், மோர் மிளகாய், கொஞ்சம் மாங்காய். வண்டிக்காரம்மாவின் மோர்ப் பானை ஓரமாக ஃபோனை வைத்தால் குடித்து முடிப்பதற்குள் உயிர் வந்துவிடும். எங்கள் ஹப்பில் டெலிவரிக்குப் போகிற பெண் ஒருவர் இருக்கிறார். அவர் கூழ் பக்கம் வரமாட்டார். மோர் கூடக் குடிப்பதில்லை. காரணம் கேட்டபோது, "அப்புறம் எங்க போறது?" என்றார். பெட்ரோல் பங்கு கழிவறைக்குப் பல நாள் பூட்டு. அதற்கு மேல் அவரிடம் கேட்கவில்லை.

மழையைப் பற்றி நிறைய எழுதலாம். தண்ணீரில்லாத ஆறு என்ற பாலாறு 2021 நவம்பரில் எப்படி ஓடியது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ரிட்டர்ன் பிக்கப் பற்றியும் எழுதலாம். ஒரு புடவையை வாங்கி, கல்யாணத்துக்குக் கட்டி, செண்ட் வாசனையோடு திருப்பிக் கொடுக்கிறவரிடம் வாசலில் நின்று எப்படிப் பேசுவது என்பது தனிப் புராணம். வாங்கினால் ஹப்பில் நம் தலையில் கட்டுவார்கள், மறுத்தால் ஒரு ஸ்டார்.

இடைஞ்சல் வருவது ஆப்புக்குத் தெரியாது என்பதைமட்டும் சொல்லிவிடுகிறேன். மகா சிவராத்திரி முடிந்து மயானக் கொள்ளை அன்றைக்குப் பாலாற்றுப் பக்கம் தேர்கள் இறங்கும். அன்று சாயங்காலம் வேலூரிலிருந்து காட்பாடிக்குப் போக நினைப்பவனைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும். 2022-ல் காட்பாடி ரயில்வே மேம்பாலத்தை ரிப்பேருக்காக மூடியபோது இந்த வேலையில் இருந்தவர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சொல்லித் திட்டுவார்கள். பாலம் மூடினால் தூரம் கூடும், பெட்ரோல் கூடும், பார்சல் கூலி அதே கூலி.

சட்டம் ஒன்றும் இல்லாமல் இல்லை. 2022-ல் நிதி ஆயோக் ஒரு அறிக்கை போட்டது. நாட்டில் எங்களைப் போன்றவர்கள் 2020-21-ல் 77 லட்சம் பேர், 2029-30-ல் 2.35 கோடி ஆவார்கள் என்று அதில் கணக்கு. 2023 சுதந்திர தினத்தன்று முதல்வர் எங்களுக்கென்று தனி நலவாரியம் என்று அறிவித்தார், வாரியமும் வந்தது. 2025 பட்ஜெட்டில் 2,000 பேருக்கு இ-ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் என்றார்கள். மாநிலம் முழுக்க 2,000 பேர், ஆனாலும் ஆரம்பம் என்று வைத்துக்கொள்வோம். மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-ல் எழுதியது. அதில் கம்பெனிகள் தங்கள் வருமானத்தில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் எங்களுக்கான நிதியில் போட வேண்டும் என்று இருக்கிறது, எங்களுக்குக் கொடுக்கிற தொகையில் ஐந்து சதவீதத்துக்கு மேல் போகாமல். நல்ல விஷயம், வரட்டும். ஆனால் இவை எல்லாம் விழுந்தால், செத்தால், வயதானால் என்ற கணக்கு. நின்ற நேரத்துக்கு இதில் எதிலும் வழி இல்லை.

விழுந்தால் என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கூட வேலை செய்கிற தம்பி ஒருவன் சர்வீஸ் ரோட்டில் மணலில் சறுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. கம்பெனி இன்சூரன்ஸ் உண்டு. ஆனால் அவன் அன்றைய வசூல் காசை ஹப்பில் கட்டிவிட்டு, ஆப்பிலிருந்து வெளியே வந்து, வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். டியூட்டியில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வண்டி இன்சூரன்ஸோ சொந்த உபயோகத்துக்கென்று எடுத்தது. முதுகில் காலிப் பை மட்டும் இருந்தது.

கடைசியாக எங்கள் மளிகைக்கடை அக்கா விஷயம். காகிதப்பட்டறைப் பக்கம் ஒரு தெருமுனையில் கடை வைத்திருக்கிறார். வேலைக்குப் போகிற வீடுகள் அதிகம் இருக்கிற தெரு அது. "கடையில குடுத்துடுங்கண்ணா" என்று எல்லோரும் சொல்லப்போய், முன்னால் பணம் கட்டிய பார்சல்கள் எல்லாம் அங்கேதான் இறங்கும். எங்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம். தெரு முழுக்க ஒரே நிறுத்தத்தில் முடிந்துவிடும். அக்கா அரிசி மூட்டைக்கு மேல் அடுக்கி வைப்பார், ராத்திரி ஒவ்வொருத்தராக வந்து எடுத்துப் போவார்கள். ஒரு பார்சல் காணாமல் போனதில்லை. ஆஃபர் சமயத்தில் கடைக்குள் அவரே நடக்க முடியாதபடி ஆகிவிட்டது.

போன வாரம் என்னை நிறுத்திக் கேட்டார். "ஏம்பா, நீ ஒரு பார்சல் குட்தா உனக்கு காசு வருது இல்ல? வாங்கி வெச்சு, எடுத்துக் குட்து, யார் வந்தாங்க யார் வரலன்னு பாத்துக்கினு கீறது நானு. எனக்கு இன்னா வருது?"

என்னிடம் பதில் இல்லை. பார்சலுக்கு ரெண்டு ரூபாய் கேட்டார், இல்லையென்றால் ஒன்றாம் தேதியிலிருந்து வைக்கமாட்டேன் என்றார். ஹப் இன்சார்ஜிடம் சொன்னேன். "அதெல்லாம் கம்பெனி குடுக்காது, நீயே பேசி சரி பண்ணு" என்றார். நாங்கள் நாலு பேர் அந்த ரூட்டில் மாறி மாறிப் போகிறோம், வேறு கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் உண்டு. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு மாதம் ஒரு தொகையாகக் கொடுத்துவிடலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஒருவன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. எதிர் வரிசையில் சலூன் இருக்கிறது, அங்கே கேட்டுப் பார்க்கலாம் என்கிறான். சலூன்காரர் ஏற்கெனவே காசு கேட்டாயிற்று என்பது அவனுக்கு இன்னும் தெரியாது.